காத்தாடிக் காட்டின் முதலாளி யார்?

தொட்டியத்தில் காற்றைப் பற்றி நல்ல வார்த்தை கேட்பது அரிது. காவிரியின் வடகரையில், பூவனும் நேந்திரனும் ஏலக்கியும் கற்பூரவல்லியுமாக வாழை நிற்கும் ஊர் அது. சித்திரை வைகாசியில் கோடை மழைக்குக் கட்டியம் கூறிக்கொண்டு ஒரு சூறைக்காற்று வரும். அரை மணி நேரம் அடித்தால் போதும். தார் தள்ளி, வெட்டுக்குச் சில வாரமே மிச்சமிருக்கும் மரங்கள் குலையோடு முறிந்து கிடக்கும். மறுநாள் நிவாரணம் கேட்டு மனு, வருவாய்த் துறையின் கணக்கெடுப்பு, நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம். மரத்துக்கு மரம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுப்பதும் அதற்கான செலவும் இங்கே சாகுபடிக் கணக்கிலேயே சேர்த்தி. பங்குனியில் மதுரகாளியம்மன் தேரைத் தோளில் சுமந்து வயலில் இறங்குகிற ஊர்தான். ஆனால் காற்றிடம் மட்டும் அந்தத் தோள்பலம் செல்லாது.

இதே தமிழ்நாட்டில் காற்று எழும்பினால் முகம் மலரும் ஊர்களும் இருக்கின்றன. அவற்றில் பெரியதைப் பார்க்க ஆடி மாதத்தில் தெற்கே போக வேண்டும். தொட்டியத்தில் காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஆரல்வாய்மொழியை எட்டிவிடலாம்.

முசிறியில் பாலத்தைத் தாண்டினால் குளித்தலை. ஆடியில் மேட்டூர் திறந்திருந்தால், பாலம் கடக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே பயணக் காசுக்குப் பாதி ஈடாகிவிடும். வடகரையின் வெற்றிலைக் கொடிக்காலும் கோரைப் பயிரும் பின்னால் போக, மணப்பாறை நெருங்க நெருங்க மண் வறண்டு சிவக்கிறது. மணப்பாறையில் இறங்கி முறுக்கு வாங்காமல் போகிறவர்களை இந்தக் கட்டுரை மன்னிக்காது. அங்கிருந்து துவரங்குறிச்சி, மதுரை. அப்புறம் காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை.

இந்த நெடுஞ்சாலையில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு காட்சி வாய்க்கும். பாம்பு போல் நீண்ட ட்ரெய்லரில் காற்றாலையின் ஒற்றை இறக்கை ஒன்று மெல்ல ஊர்ந்து போகும். முன்னும் பின்னும் சிவப்புக் கொடியுடன் வண்டிகள். இப்போது விற்பனையில் இருக்கும் பெரிய இயந்திரங்களில் ஒரு இறக்கையின் நீளமே 70 மீட்டரைத் தொடுகிறது. ஊர் முனைகளில் வளைவு எடுக்க அரை மணி நேரம் ஆகும். டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்ப்பார். இறக்கைக்குத் திருச்சிச் சீமையில் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. கோபுரத்தில் கொஞ்சம் உண்டு. பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் சில, கொதிகலன் வேலையோடு காற்றாலைக் கோபுரத்துக்கான உருளைகளையும் செய்து அனுப்பியிருக்கின்றன.

திருச்சிக்குக் காற்றோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது, சற்றுச் சுற்றுவழியில். திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன், பெங்களூரில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் அன்னா மணி என்ற இளம்பெண் வைரத்தின் ஒளியையும் மாணிக்கத்தின் ஒளியையும் ஆராய்ந்தார். பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர், சென்னையில் படித்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. அவர் வானிலைத் துறைக்குப் போனார், வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார், 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். வேலை ஓயவில்லை. நாடு முழுக்க எங்கே, எந்த மாதம், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று அளந்து, மூலே என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1983இல் இந்தியாவின் காற்றாற்றல் தரவுகளை நூலாக வெளியிட்டார். அதன்பிறகு கம்பம் நட்டு அளக்கும் பெரிய கணக்கெடுப்பையும் வழிநடத்தினார். எந்தக் கணவாயில் இயந்திரம் வைத்தால் பலன் என்று பிறகு வந்த கம்பெனிகள் தெரிந்துகொண்டது இந்த அளவுகளிலிருந்து. காற்றாலை வயல்களில் அவருக்கு ஒரு சிலை இருந்தால் தவறில்லை.

சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டியில் கரிசல் விரிகிறது. வழியெங்கும் நூற்பாலைகள். இவற்றை இங்கேயே கவனித்துக்கொள்வது நல்லது. காற்றாலையின் கதையில் இவற்றுக்கு வரும் பங்கு சாதாரணமானது இல்லை. அடுத்தது கயத்தாறு. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில்தான் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் இருக்கிறது. புது வகை இயந்திரம் சொன்னபடி மின்சாரம் தருகிறதா என்று நிறுத்தி வைத்து அளக்கும் இடம். தென்காசி, செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகும் காற்று இங்கே வந்து சேர்கிறது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் முதல் காத்தாடிகள் தென்படத் தொடங்குவதும் இங்கேதான். எழுத்தில் காற்றாலை, தெற்கத்தி மக்கள் வாயில் காத்தாடி.

திருநெல்வேலி, வள்ளியூர், பணகுடி. வலது பக்கம் மகேந்திரகிரி கூடவே வருகிறது. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைக் கூடம். இடது பக்கம் கடலோரம் கூடங்குளம் அணுமின் நிலையம், ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு உலைகள் இயங்கும் இடம். காவல்கிணறில் சாலை பிரிகிறது: நேரே கன்னியாகுமரி, வலப்புறம் நாகர்கோவில். வலப்புறம் திரும்பினால் வண்டியின் கதவைத் திறக்கவே கை அழுத்த வேண்டியிருக்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பதைச் சொலவடையாக மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே இறங்கி நின்று பார்க்கலாம். பேச்சு பாதியில் பறந்துவிடும்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. லாரிகளும் வேன்களும் நிறுத்தி, தேங்காயும் காசும் போட்டுவிட்டுத்தான் கணவாய்க்குள் நுழைகின்றன. ஔவை முன்னிற்க மூவேந்தரும் ஆளுக்கொரு பந்தலிட்டுக் கூடிய இடம் என்று ஊரில் கதை சொல்வார்கள். கோயிலைச் சுற்றிலும், பின்னாலும், மலையடிவாரம் வரைக்கும், கண்ணுக்கு எட்டிய மட்டும் காத்தாடிகள். சிலது விறுவிறு என்று சுற்றுகிறது, சிலது நிதானமாக. அந்த வித்தியாசத்துக்கு வயதுதான் காரணம்: பழசும் சின்னதும் வேகமாகச் சுழலும், புதுசும் பெரியதும் சாவகாசமாக. நடுவில் பனையும் உடைமரமும், ஆட்டு மந்தையும். சுமார் 1,500 மெகாவாட் திறன் கொண்ட இந்தத் தொகுப்பு ஆசியாவின் பெரிய காற்றாலை வயல்களில் ஒன்று.

காற்று இங்கே மட்டும் ஏன் இப்படி? அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நின்று தடுக்கிறது. சுவரில் சில இடங்களில்தான் திறப்பு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. வாய்க்காலில் அமைதியாக வரும் தண்ணீர் மடையில் சீறுவதைத் தொட்டியத்துக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கணவாயில் காற்று செய்வதும் அதுவே. 1809இல் திருவிதாங்கூர் மீது படையெடுத்த ஆங்கிலேயர் இந்தக் கணவாயின் கோட்டைச் சுவரைத்தான் முதலில் தகர்த்தார்கள். மலை விட்ட வழி படைக்கும் காற்றுக்கும் ஒன்றுதான்.

இதில் ஒரு கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகிறது. எனவே நொடிக்கு 5 மீட்டர் வீசும் ஊருக்கும் 10 மீட்டர் வீசும் ஊருக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அந்த ஆற்றலையும் முழுதாகப் பிடித்துவிட முடியாது. எந்த இறக்கையாலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் கறக்க இயலாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இலேயே நிறுவிவிட்டார். காற்று ரொம்பக் குறைந்தால் இயந்திரம் சுற்றாது. ரொம்ப மிஞ்சினாலும், அதாவது நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால், இறக்கையைத் திருப்பிக்கொண்டு தானாகவே நின்றுவிடும். வாழையைச் சாய்க்கும் அந்த அரை மணி நேரச் சூறையால் காத்தாடிக்கு ஒரு பலனும் இல்லை. அது கேட்பது மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இரவும் பகலும் ஓயாமல் ஒரே திசையிலிருந்து வரும் காற்று. பாலக்காட்டுக் கணவாயின் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை அப்படி வருகிறது. காவிரிக் கரைக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறது.

ஆனால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் காற்று எப்போதும் செல்லப்பிள்ளை கிடையாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடந்தபோது இதே மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் தோப்புத் தோப்பாக விழுந்தன. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவேயில்லை.

சரி, இத்தனை காத்தாடிக்கும் முதலாளி யார்? பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கோபுரங்களில் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்றில் இயந்திரம் செய்தவரின் பெயர், ஒன்றில் ஏதோ நூற்பாலையின் பெயர், ஒன்றில் சிமென்ட் கம்பெனியின் பெயர். மின்வாரியம்தான் முதலாளி என்று நினைப்பவர்களும் உண்டு. தொடக்கம் வாரியத்தினுடையதுதான். தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986இல், தலா 55 கிலோவாட் திறனுள்ள பத்து சிறிய இயந்திரங்களோடு தமிழ்நாட்டின் காற்றாலைக் கணக்கு தொடங்கியது. டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் சேர்த்து 10 மெகாவாட் அடுத்து வந்தது. சில வருஷங்களில் வாரியம் ஒதுங்கிக்கொண்டது. இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. வாரியத்தின் சொந்த இயந்திரங்களை எல்லாம் கூட்டினாலும் 20 மெகாவாட் தேறாது.

மிச்சத்தை நட்டவர்கள் பெரும்பாலும் ஆலைக்காரர்கள். நூற்பாலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு மின்கட்டணம். கதிர்கள் மூன்று ஷிப்டும் ஓட வேண்டும். திண்டுக்கல்லில் ஆலை, முப்பந்தலில் காத்தாடி. நடுவில் வாரியத்தின் கம்பி. இங்கே கம்பியில் ஏற்றிய யூனிட்டை அங்கே ஆலையின் மீட்டரில் கழித்துக்கொள்ள வாரியம் அனுமதித்தது. காற்றடிக்கும் ஐந்து மாதத்தில் மிஞ்சியதை வரவு வைத்து, காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தது. இதற்குப் பெயர் பேங்கிங். காற்றை வங்கியில் போட்டுவைக்கும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் முப்பந்தலில் இதில் பாதிகூட நின்றிருக்காது என்று சொல்லலாம்.

இன்னொரு கை கொடுத்தது வருமான வரிச் சட்டம். காத்தாடியின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 1990களில் சலுகை இருந்தது. லாபம் பார்த்த கம்பெனிக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? செப்டம்பர் முடிவதற்குள் இயந்திரம் ஓடினால் அந்த ஆண்டுக்கான முழுச் சலுகை, தாமதித்தால் பாதி. ஆகவே செப்டம்பரிலும் மார்ச்சிலும் கிரேன்களுக்குத் தட்டுப்பாடு. காற்று நன்றாக வீசுகிறதா என்பதைவிடத் தேதிக்குள் இறக்கை சுற்றுகிறதா என்பதே சிலருக்கு முக்கியமாக இருந்தது. சலுகை எவ்வளவு இருந்தாலும் கொஞ்சமாவது வரி கட்டியாக வேண்டும் என்று 1996இல் மத்திய அரசு குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்ததும் அந்த ஜுரம் சட்டென்று இறங்கியது. சென்னையைச் சேர்ந்த என்இபிசி, டென்மார்க்கின் மைகான் தொழில்நுட்பத்தோடு இங்கே நிறைய இயந்திரம் நட்டது. அந்தப் பணத்தின் தெம்பில் விமான நிறுவனமும் நடத்தியது. 1997இல் அந்த விமானங்கள் தரையில் நின்றன. இந்த வியாபாரத்தில் தெற்கே அடித்த காற்றைவிட டெல்லியில் அடித்த காற்றே பலமானது.

கலிஃபோர்னியாவிலும் இதே கதை முன்பே நடந்தது. 1980களின் தொடக்கத்தில் வரிச்சலுகைக்காக அங்கே அல்டமான்ட் கணவாயில் ஆயிரக்கணக்கில் காத்தாடிகள் முளைத்தன. டென்மார்க் கம்பெனிகள் கப்பல் கப்பலாக அனுப்பின. சலுகை 1985இல் முடிந்ததும் சந்தை படுத்தது, மறு ஆண்டே அந்தக் கம்பெனிகளில் ஒன்றான வெஸ்டாஸ் திவாலானது. மீண்டு எழுந்த டென்மார்க்காரர்கள் அடுத்துத் தேடிய சந்தைகளில் இந்தியாவும் ஒன்று.

ஆலைக்காரரின் மனசு தெரிந்த ஒருவர் இயந்திரம் விற்கவும் வந்தார். துளசி தந்தி குஜராத்தில் துணி ஆலை நடத்தியவர். மின்கட்டணம் லாபத்தைத் தின்கிறதே என்று 1990இல் இரண்டு காற்றாலை வாங்கிப் போட்டார். துணியைவிட இதில் எதிர்காலம் இருக்கிறது என்று பட்டது. 1995இல் சுஸ்லான் பிறந்தது. இயந்திரம் மட்டும் விற்றால் ஆலைக்காரர் வாங்க மாட்டார் என்பது அவருக்குச் சொந்த அனுபவம். நிலம் பார்ப்பது, பட்டா, அஸ்திவாரம், கம்பி இழுப்பது, வாரியத்தின் அனுமதி, பிறகு இருபது வருஷப் பராமரிப்பு, எல்லாவற்றையும் சுஸ்லானே ஏற்றுக்கொண்டது. வாங்குகிறவர் காசோலையில் கையெழுத்துப் போட்டால் போதும். நெல்லைச் சீமையில் சுஸ்லான் பெயர் இவ்வளவு பரவியதற்கு இறக்கையின் வடிவத்தைவிட இந்த வியாபார வடிவமே காரணம்.

அப்புறம் அகலக்கால். 2005இல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி, 2006இல் பெல்ஜியத்தின் ஹேன்சன் கியர்பாக்ஸ் நிறுவனத்தையும், 2007இல் பிரான்சின் அரேவாவோடு போட்டி போட்டு ஜெர்மனியின் காற்றாலைக் கம்பெனியான ரீபவரையும் கடன் வாங்கி வளைத்தது. உலகப் பொருளாதாரம் சரிந்த 2008இலேயே அமெரிக்காவில் அதன் இறக்கைகளில் விரிசல் கண்டது. 2012 அக்டோபரில் சுமார் 20 கோடி டாலர் அயல்நாட்டுக் கடன் பத்திரங்களைத் திருப்பித் தர முடியவில்லை. ஆசையாக வாங்கிய ஜெர்மன் கம்பெனியை 2015இல் 100 கோடி யூரோவுக்கு விற்றார்கள். தந்தி 2022 அக்டோபர் 1 அன்று மாரடைப்பில் காலமானார். அவர் திரட்ட முயன்ற புது முதலீடு அதே மாதம் வந்து சேர்ந்தது. கடன் சுமை இறங்கிய கம்பெனி இப்போது மறுபடி ஆர்டர் எடுக்கிறது. முதலாளி வீழ்ந்தாலும் எழுந்தாலும் முப்பந்தலில் காத்தாடி நிற்கவில்லை என்பது உண்மை. சீசனுக்கு முன்பே, மார்ச் ஏப்ரலிலேயே, டெக்னீஷியன்கள் இடுப்பில் பெல்ட்டோடு கோபுரத்துக்குள் ஏணி ஏறி கிரீஸ் போட்டு, போல்ட் முறுக்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

காற்றாலைக்காரருக்கும் வாரியத்துக்கும் நடக்கும் வழக்கு தீராதது. காற்றடிக்கும் மாதத்தில் எல்லோரும் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள், கோடையில் நான் விலை கொடுத்து வாங்கி உங்களுக்குத் திருப்பித் தரணுமா என்கிறது வாரியம். நியாயம்தான். இயந்திரம் ஓடும்போது நிறுத்தச் சொல்கிறீர்கள், விற்ற மின்சாரத்துக்குக் காசும் வருஷக்கணக்கில் தரவில்லையே என்கிறார்கள் இவர்கள். அதுவும் நியாயம்தான். 2012இல் சென்னைக்கு வெளியே 12 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. தொட்டியம் பக்கம் மோட்டார் ஓடாமல் இரவில் கண்விழித்துக் காத்துக்கிடந்த காலம் அது. அதே ஆண்டு சீசனில், கொண்டுபோகக் கம்பி போதாமல் தெற்கே காத்தாடிகளை நிறுத்தி வைத்தார்கள். பிறகு கயத்தாறில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையமும் பசுமை மின்தடமும் வந்தன. இப்போது நல்ல சீசன் நாளில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றிலிருந்தே மாநிலம் எடுத்துக்கொள்கிறது. திருச்சி மாவட்டத்து மோட்டார்களும் அதில் கொஞ்சம் குடிக்கின்றன. ஆடியில் ஏத்தம் இறைப்பது ஆரல்வாய்மொழிக் காற்று என்று சொன்னால் பொய்யாகாது.

சந்தையின் சட்டமும் மாறிவிட்டது. அரசு நிர்ணயித்த விலை போய் ஏலம் வந்தது. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசு. அக்டோபருக்குள் 2 ரூபாய் 64 காசு. தேய்மானச் சலுகையும் அதே ஆண்டு 40 விழுக்காடாகச் சுருங்கியது. ஒற்றை இயந்திரம் வைத்திருக்கும் ஆலைக்காரருக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. நூறு நூறு மெகாவாட்டாக நடும் பெரும் கம்பெனிகள் குஜராத்தின் பரந்த தரிசைத் தேடிப் போயின. காற்றாலையில் வெகுகாலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் குஜராத் முந்தியது இப்படித்தான்.

நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் மண்ணில் இன்னும் 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் கோபுரம் 30 மீட்டர் உயரம். இன்றைய 3 மெகாவாட் இயந்திரம் 140 மீட்டருக்கு மேலே நின்று, பத்து மடங்குக்கும் மேல் மின்சாரம் தரும். பழசை எடுத்துப் புதுசு நடுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட்டது. கட்டணத்தையும் பேங்கிங் நிபந்தனைகளையும் எதிர்த்து ஆலை உரிமையாளர் சங்கங்கள் கொடி பிடித்தன. கலிஃபோர்னியாவின் அல்டமான்ட்டிலும், கழுகுகள் அடிபட்டுச் சாகின்றன என்று எழுந்த வழக்குகளின் அழுத்தத்தில், பழசு போய்ப் புதுசு வந்தது. நூற்றுக்கணக்கான சிறு காத்தாடிகள் இருந்த மேட்டில் இன்று சில பத்து நிற்கின்றன. அங்கே பெரும் பரப்புகள் சில கம்பெனிகள் கையில் இருந்தது வசதி. முப்பந்தலில் சர்வே எண் தோறும் ஒரு முதலாளி. பெரிய இறக்கைக்குப் பக்கவாட்டில் அதன் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, காற்றுத் திசையில் ஏழு மடங்கு இடைவெளி வேண்டும். ஒன்று நட்டால் சுற்றியிருக்கும் பலதைப் பிடுங்க வேண்டும். அந்தப் பல பேரில் ஒருவருடைய ஆலை மூடிக் கிடக்கும். ஒருவர் பாகப்பிரிவினை வழக்கில் இருப்பார். இன்னொருவரின் இயந்திரம் கடன் அடைந்து பல வருஷமாகிச் செலவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், அவர் எதற்கு அதைக் கழற்ற வேண்டும்? இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார்த்திக் கையெழுத்து வாங்கும் தரகர்கள் இப்போது காவல்கிணறு, பணகுடி டீக்கடைகளில் தட்டுப்படுகிறார்கள்; கையில் கிராம வரைபடமும் சிட்டா நகலும்.